வீட்டு பவுடர் கோட்டிங் கன்: வாங்கலாம், எர்த்தைப் பார்த்துவிட்டு

பவுடர் கோட்டிங் என்பது பெயின்ட் பவுடருக்கு மின்னேற்றி, எர்த் செய்த உலோகப் பொருளின் மேல் கன்னால் அடித்து ஒட்டவைத்து, பிறகு ஓவனில் உருக்கிப் படியவைப்பது. தொழிற்சாலை பவுடர் கன்கள் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை போகும். வீட்டுப் பொழுதுபோக்குக்காக விற்கும் சிறிய கன்கள் 25-க்குள் நின்றுவிடும். அமெரிக்காவின் ஈஸ்ட்வுட் ஹாட்கோட் இந்த வகையில் பேர்போனது. அதன் இரட்டை வோல்டேஜ் மாடலில் 15, 25 என்று இரண்டு நிலை உண்டு. பின்கட்டுக் கதவின் கொண்டி, சைக்கிள் ஸ்டாண்டு, சுவர் பிராக்கெட் இவற்றுக்கு அந்தச் சக்தி தாராளம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அது 110 வோல்ட் மாடலா என்று பாருங்கள். அப்படியென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் நம் 230-இல் செருகவே கூடாது.

பவுடரைத் தள்ளும் காற்றின் அழுத்தம் 5 முதல் 10 பிஎஸ்ஐ போதும், சின்ன கம்ப்ரஸரே ஈடுகொடுக்கும். அழுத்தத்தைக் கூட்டினால், ஒட்டிய பவுடரையும் காற்றே தள்ளிக்கொண்டு போய்விடும். லைனில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் அவசியம். ஐப்பசி, கார்த்திகையில் அது இல்லாமல் அடித்தால் பவுடர் சீராக வராமல் கட்டிகட்டியாகத் துப்பும்.

பவுடர் ஒட்டவில்லை என்றால் பலரும் கன்னைத்தான் திட்டுகிறார்கள். குற்றம் பெரும்பாலும் எர்த்தில்தான். செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் ஒயரிங் எப்போதோ இழுத்தது. மூன்று துளை பிளக் இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிட முடியாது. சித்திரை வெயிலில் இந்தச் செம்மண் காய்ந்துவிட்டால் எர்த் குழியின் தடையும் ஏறும். குழியில் நாலு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு பொருளுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டரில் பாருங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். காட்டவில்லையா, முதலில் பொருளைத் தொங்கவிடும் கொக்கியைச் சுரண்டுங்கள். போன முறை அதன் மேல் வெந்த பவுடரே இப்போது இன்சுலேஷன்.

உள்மூலைகளில் பவுடர் போகாமல் விளிம்பிலேயே குவிந்தால் வோல்டேஜைக் குறைத்து, மூலையை முதலில் அடித்துவிட்டு வெளிப்பக்கம் வர வேண்டும். வீட்டு நடுமுற்றமான வளவில் வெளிச்சம் நன்றாக இருக்கும்தான், ஆனால் ஆடிக் காற்றில் அங்கே அடிப்பது வீண். பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து அதற்குள் அடியுங்கள். என்95 மாஸ்க் கட்டாயம். காற்றில் மிதக்கும் பவுடர் தீப்பொறி பட்டால் குப்பென்று பற்றும், ஆகவே அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் கிட்டே வேண்டாம்.

அடுத்தது ஓவன். 60 லிட்டர் ஓடிஜி (வீட்டு மின் ஓவன்) 2000 வாட் வரை இழுக்கும், 16 ஆம்பியர் சாக்கெட்டில்தான் போட வேண்டும். டப்பாவில் ‘200 டிகிரி, 10 நிமிடம்’ என்று இருந்தால் அது இரும்பின் சூடு, ஓவன் குமிழின் எண் அல்ல. தடித்த பிராக்கெட் அந்தச் சூட்டை எட்டவே இருபது நிமிடம் ஆகலாம். கடிகாரத்தை அதற்குப் பிறகுதான் ஓட்ட வேண்டும். பொருளைத் தொட்டுச் சூட்டை அளக்கும் கே-டைப் தெர்மோகப்பிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் பளபளப்பான உலோகத்தில் பொய் சொல்லும். ஆறிய பிறகு அசிட்டோன் துணியால் தேய்த்து, நிறம் தாராளமாக இறங்கினால் வேகவில்லை என்று அர்த்தம். அந்த ஓவனில் இனி பிஸ்கட் சுடக் கூடாது. புகை வரும் என்பதால் சமையல்கட்டுப் பக்கமே அது வேண்டாம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்கியதைக் கோட் செய்ய ஆசைப்படுவோர் கொஞ்சம் நிதானிக்கலாம். ஈயப் பற்று வைத்த சாமான் 200 டிகிரியில் கழன்று விழும். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் கோட்டிங்கைக் கொப்புளமாகக் கிளப்பும். அதனால் பவுடர் அடிக்கும் முன் வெறும் இரும்பை 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எண்ணெயை வெளியேற்ற வேண்டும். பழைய பெயின்டில் காரீயம் இருக்கக்கூடும், உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள். பித்தளையில் கோட்டிங் அடிக்கத்தான் வேண்டுமா? எங்கள் பதில், வேண்டாம்.

பவுடரை அரைக் கிலோவாக வாங்குங்கள். 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில் ஒரு கிலோ, கணக்குப்படி சுமார் 11 சதுர மீட்டர் வரும்; சிதறுவது போக வீட்டில் அதில் பாதி கிடைத்தாலே நல்லது. 30 டிகிரிக்கு மேல் கிடந்தால் கட்டி தட்டும், ஆகவே அக்கினி நட்சத்திரத்தில் மாடி ரூமில் வைக்காதீர்கள். சல்லடையில் சலித்தும் உடையாத கட்டி குப்பைக்குத்தான்.

இரண்டாவது கோட் இந்தச் சிறிய கன்களின் பலவீனம். முதல் கோட்டே மின்னைத் தடுப்பதால் பவுடர் திரும்பித் தெறிக்கும். பொருள் சூடாக இருக்கும்போதே அடித்தால் உருகி ஒட்டும், ஆனால் கனம் கூடி வழியும் அபாயம் உண்டு. ஜன்னல் கிரில், கேட் மாதிரி ஓடிஜியில் நுழையாதவற்றைக் கோட்டிங் கடைக்கே அனுப்பிவிடுங்கள். கொடுக்கும்போதே எத்தனை மைக்ரான் அடிப்பார்கள் என்று கேளுங்கள், 60-லிருந்து 80 வரை என்றால் சரி.