பிளாக் ஃபைவ் 'ஒரிஜினல் டிராயிங்' பென் டிரைவ்: நான் ஏமாந்தேன், நீங்கள் வாங்காதீர்கள்

நீராவி எஞ்சின் மாடல் கட்டும் கிறுக்கு பிடித்த தமிழர்கள் இங்கிலாந்தில் எத்தனை பேர் இருக்கிறீர்களோ தெரியாது. ஒருவர் இருந்தாலும் சரி, பர்ஸைத் திறப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான் இருப்பது லீட்ஸில். மெஷின் ஷாப்பில் வேலை, வீட்டு கராஜில் ஒரு பழைய லேத். ஐந்து இஞ்ச் கேஜில் (தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்து இஞ்ச் இடைவெளி) ஒரு பிளாக் ஃபைவ் கட்டவேண்டும் என்பது பல வருட ஆசை. ஸ்டேனியர் தலைமை எஞ்சினியராக இருந்த காலத்தில் எல்.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் ரயில்வே கம்பெனிக்காக உருவான நீராவி எஞ்சின் அது. 1934 முதல் 1951 வரை மொத்தம் 842 வந்தன. சரக்கோ, பயணிகளோ, எதை மாட்டிவிட்டாலும் இழுத்துக்கொண்டு போகும்.

ஏலத் தளம் ஒன்றில் அதற்கு விளம்பரம் பார்த்தேன். 'ஒரிஜினல் ஒர்க்ஸ் டிராயிங், முழு செட், 214 ஷீட், பென் டிரைவில்.' ஒர்க்ஸ் என்றால் எஞ்சின் கட்டிய தொழிற்சாலை. விலை 75 பவுண்டு. ஒரு சந்தேகம் கேட்டு எழுதினேன். நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 65க்குத் தருகிறேன் என்று பதில் வந்தது. பத்து பவுண்டு மிச்சம் என்று அனுப்பிவிட்டேன். தளம் வழியாகக் கட்டியிருந்தால் முறையிட ஒரு வாசலாவது இருந்திருக்கும். அதை நானே சாத்திக்கொண்டேன்.

பென் டிரைவ் வந்தது. 214 ஃபைல் இருந்தது உண்மைதான். திறந்து பார்த்தால் ஒரே ஷீட் ஐந்தாறு பெயர்களில். கழித்துக் கட்டினால் தேறியது 31. அதிலும் சில, ஏதோ மாடல் பத்திரிகையின் நடுப்பக்கம். மடிப்புக் கோடு தெரிகிறது, ஒன்றில் புத்தகத்தை அமுக்கிப் பிடித்த கட்டைவிரலே தெரிகிறது. இரண்டு ஷீட் பிளாக் ஃபைவே இல்லை, 8எஃப் சரக்கு எஞ்சின். இரண்டு வகை எஞ்சினுக்கும் சிலிண்டர் 18½க்கு 28 இஞ்ச், பாய்லர் அழுத்தமும் அதே சதுர இஞ்சுக்கு 225 பவுண்டு என்பதால் சட்டென்று பிடிபடாது. சக்கரத்தைப் பார்த்தால்தான் தெரியும்: பிளாக் ஃபைவுக்கு 6 அடி, 8எஃபுக்கு 4 அடி 8½ இஞ்ச்.

வால்வ் கியர், அதாவது சிலிண்டருக்குள் நீராவியை விடும் வால்வை ஆட்டும் அமைப்பு, அதன் ஷீட் இன்னும் வேடிக்கை. அது ஸ்டீஃபன்சன் லிங்க் என்ற வகை வால்வ் கியரை வெளியே வைத்த எஞ்சின். 842இல் அப்படி இருந்தது ஒன்றே ஒன்று, 1947இல் க்ரூவில் கட்டிய 4767. அதைத்தான் விற்றவர் 'ஸ்டாண்டர்டு' என்று பெயரிட்டு வைத்திருந்தார். ஆரம்பத்தில் வந்தவற்றுக்குப் பாய்லரில் டோமே (நீராவி சேரும் குமிழ்) கிடையாது. மேலே தெரியும் சின்ன மேடு டாப் ஃபீடின் (பாய்லருக்குள் மேலிருந்து தண்ணீர் விடும் அமைப்பின்) மூடி. ஃபைல் பெயரில் அதுதான் 'டோம்'. விற்றவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

உறைக்கவில்லை. முழு எஞ்சினையும் பக்கவாட்டில் காட்டும் ஷீட் ஒன்று மட்டும் கண்ணுக்கு அழகாக இருந்தது. எண்கள்தான் மங்கல், 3/16ஆ 5/16ஆ என்று சொல்லமுடியாது. சரி, அளந்துகொள்ளலாம் என்று கேட் (CAD) என்ற கம்ப்யூட்டர் வரைபட மென்பொருளில் ஏற்றி, சக்கரத்தின் உயரத்தை 161.9 மில்லிமீட்டர் என்று வைத்து (6 அடி, நம் ஸ்கேலில் அவ்வளவு), மற்றதையெல்லாம் அதன் மேலேயே டிரேஸ் செய்தேன். ஃபிரேம் தகடு இரண்டையும் லேசர் கட்டிங்குக்குக் கொடுத்தேன். அதற்கு 140 பவுண்டு.

தகடு வந்தது. எங்கள் மாடல் எஞ்சின் கிளப்பில் ஒருவர் பாதியில் கைவிட்ட பிளாக் ஃபைவின் கப்ளிங் ராடுகளை (சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் கம்பிகளை) முன்பே வாங்கி வைத்திருந்தேன். வைத்துப் பார்த்தால் கடைசி அச்சுக்கு எட்டவே இல்லை. முதல் அச்சிலிருந்து மூன்றாவது அச்சுக்கு 15 அடி, அதாவது 404.8 மில்லிமீட்டர் வரவேண்டும். என் தகட்டில் 413.

ராடுதான் தப்பு என்று ஒரு ராத்திரி முழுக்க அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் டிராயிங்கில் சக்கரத்தைக் குறுக்கே அளந்தேன். உயரம் 161.9, அகலம் 165.2. சக்கரம் வட்டமாகவே இல்லை, முட்டை! நீள ஷீட்டை ரோலர் ஸ்கேனரில் விட்டு எடுக்கும்போது வழுக்கியிருக்கும். அதோடு, ஒர்க்ஸ் டிராயிங்குகள் பெரும்பாலும் கஞ்சி ஏற்றிய துணியில் மையால் வரைந்தவை. அந்தத் துணியே காலப்போக்கில் சுருங்கும். எழுதியிருக்கிற எண்ணை எடு, ஸ்கேல் வைத்து அளக்காதே என்பது எங்கள் வேலையில் முதல் நாள் பாடம். இருபது வருடம் அந்தப் பாடப்படி வேலை செய்தவன் நான்.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் 'பார்க்கிறேன்', அப்புறம் 'வெளியூரில் இருக்கிறேன்', மூன்று வாரம் கழித்து 'டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பக் கிடையாது'. அதற்குப் பிறகு பதிலே இல்லை.

அந்த ஞாயிறு லேப்டாப்பைக் கிளப்புக்கு எடுத்துப் போனேன். அங்கே ஒரு பெரியவர், டிராயிங் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டெண்டர் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரி, தண்ணீர் வண்டி) ஷீட்டைப் பார்த்ததும் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். பென்சில் முனையைத் திரையில் வைத்து ரிவெட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஓர் இடத்தில் நிறுத்தி, "இந்த ரிவெட் என்னுடையது" என்றார்.

யார்க் ரயில்வே மியூசியத்தில் நகல் வாங்கி, மூன்று குளிர்காலம் உட்கார்ந்து அவர் திரும்ப வரைந்த ஷீட் அது. மாடல் கட்டுகிறவர்களுக்குச் சும்மாவே கொடுத்தாராம். யாராவது திருடினால் தெரியட்டும் என்று, உண்மையான டெண்டரில் இல்லாத ஒரு ரிவெட்டை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறார். ஷீட்டின் வலது கீழ் மூலையில் அவர் பெயர் இருந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது. பெயரை அழித்த அவசரத்தில் பார்டர் கோட்டிலும் ஒரு இஞ்ச் போயிருந்தது. "காசு பார்த்தது போகட்டும், பேரை ஏன் அழித்தான்?" என்றுதான் கேட்டார்.

பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். யார்க்கில் இருக்கும் தேசிய ரயில்வே மியூசியத்தில் லட்சக்கணக்கான எஞ்சினியரிங் டிராயிங்குகள் இருக்கின்றன. 2008இல் ஓடத் தொடங்கிய டொர்னேடோ என்ற புது நீராவி எஞ்சினையே அங்கிருந்த பழைய டிராயிங்குகளை வைத்துத்தான் கட்டினார்கள். எந்த ஒர்க்ஸில் என்னென்ன டிராயிங் என்ற பட்டியலை இலவசமாகவே பார்க்கலாம். எண்ணைக் குறித்துக்கொண்டு நகல் கேட்கவேண்டும். காசும் ஆகும், காத்திருக்கவும் வேண்டும். நம் உபயோகத்துக்கு வாங்கிய நகலை அனுமதி இல்லாமல் ஊருக்கு அனுப்பக் கூடாது, அதையும் நினைவில் வையுங்கள். பேயர் பீக்காக் கம்பெனி கட்டிய எஞ்சின் என்றால் மான்செஸ்டரின் அறிவியல், தொழில் மியூசியம், நார்த் பிரிட்டிஷ் கம்பெனி என்றால் கிளாஸ்கோ.

தனி ஆளிடம்தான் வாங்குவேன் என்றால், வலது கீழ் மூலையின் படத்தைக் கேளுங்கள். டிராயிங் எண், தேதி, ஸ்கேல் எல்லாம் படிக்கிற மாதிரி இருக்கவேண்டும். எந்த எஞ்சின் எண்களுக்கான ஷீட் என்றும் கேளுங்கள். க்ரூ, டார்பி, ஹார்விச், வல்கன் ஃபவுண்ட்ரி, ஆர்ம்ஸ்ட்ராங் விட்வர்த் என்று ஐந்து இடத்தில் பதினேழு வருடம் கட்டிய எஞ்சினுக்கு ஒரே 'முழு செட்' எப்படி இருக்கும்? தெரிந்தவர் என்றால் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

நேற்று பார்த்தேன், அந்த விளம்பரம் இன்னும் இருக்கிறது. விலை இப்போது 80. மாதிரிப் படமாக டெண்டர் ஷீட்டையே போட்டிருக்கிறார். பெரிதாக்கிப் பாருங்கள், மேலிருந்து இரண்டாவது வரிசையின் பின்கோடியில் ஒரு ரிவெட் மட்டும் இடைவெளி தப்பி நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்.