பெடல் பிரமாதம், பிராக்கெட் படுமோசம்: டொயோட்டா 86-இல் எவர்சில்வர் பின்னல் பிரேக் லைன்கள்

டொயோட்டா 86 காருக்கு எவர்சில்வர் பின்னல் பிரேக் லைன் (பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் குழாய்) மாட்டியவர்கள் எல்லோரும் பெடலைப் பற்றியே எழுதுகிறார்கள். நானும் எழுதுவேன். ஆனால் இந்த லைன்களோடு சில ஆண்டுகள் மலேசியாவின் செப்பாங் பந்தய ஓடுதளத்தில் ஓட்டிவிட்டு, சென்ற வாரம் முன் இடப்பக்க லைனைப் புதிதாக மாற்றியிருக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, லைனை ஷாக் அப்சார்பரோடு பிடித்து நிறுத்துவதற்கென்று பெட்டியில் போட்டுக் கொடுத்த அந்தத் தகடுதான், அதாவது பிராக்கெட்.

முதலில் பெடலுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். காரோடு வரும் லைன்கள் ரப்பரால் ஆனவை. கடுமையாகப் பிரேக் பிடிக்கும்போது எண்ணெயின் அழுத்தம் 100 பார் அளவைத் தொடக்கூடும். அந்த அழுத்தத்தில் ரப்பர் குழாய் சற்றே உப்பும், உப்பிய இடத்தை நிரப்பப் போன எண்ணெய், பேடை (உராய்வுக் கட்டையை) டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் பிஸ்டனைத் தள்ளப் பயன்படாது, அந்த அளவுக்குப் பெடல் கூடுதலாகக் கீழே இறங்கும். டெஃப்லான் குழாயின் மேல் எவர்சில்வர் கம்பியைப் பின்னிய லைன் அநேகமாக உப்புவதே இல்லை. இதனால் கார் குறைந்த தூரத்தில் நிற்கும் என்று விற்பவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். காரை நிறுத்துவது பேடும் டயரும்தான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும் அளவுக்கு மிதிக்க ரப்பர் லைனே போதும். மாறுவது, எவ்வளவு மிதித்தால் எவ்வளவு பிடிக்கும் என்று காலுக்குத் தெரிகிற துல்லியம் மட்டுமே.

அந்தத் துல்லியத்தை எதிர்பார்த்துத்தான் வாங்கினேன். நான் எதிர்பாராதது, கியர் குறைப்பது இவ்வளவு எளிதாகும் என்பது. வலது பாதத்தால் பிரேக்கை அழுத்தியபடியே அதே பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டிக் கியரைக் குறைக்கும் ஹீல் அண்ட் டோ முறைக்கு, அழுத்திய பிரேக் பெடல் ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டருக்குப் பக்கத்தில் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் சூடு ஏற ஏற அந்த உயரம் இறங்கிக்கொண்டே போகும். பாதம் ஒவ்வொரு சுற்றிலும் ஆக்சிலரேட்டரைத் தேடும். செப்பாங்கில் பார்வையாளர் மாடத்தின் இருபுறமும் ஓடும் இரண்டு நீண்ட நேர்ப்பாதைகளின் முடிவிலும் காரின் வேகம் முழுவதையும் பிரேக்கிலேயே கரைக்க வேண்டியிருப்பதால், 5.543 கிலோமீட்டர் சுற்றில் இந்தத் தேடல் எங்கே வரும் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். அதிலும் 2016-இல் தளத்தைப் புதுப்பித்தபோது கடைசி வளைவின் உட்பக்கத்தை உயர்த்திவிட்டார்கள். அங்கே கார் வெளிப்பக்கம் நழுவப் பார்க்கும், ஆகவே பிரேக்கைச் சட்டென்று விட்டுவிடாமல் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இப்போது அதை யோசிக்காமல் செய்கிறேன். அந்த வளைவுக்காக மட்டுமே இந்த லைன்களுக்குக் கொடுத்த பணம் தகும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இந்தப் புகழ்ச்சியில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ள வேண்டும். லைனை மாற்றினால் எண்ணெயையும் மாற்றி, லைனுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுத்தாக வேண்டும் அல்லவா? மாட்டிய அன்று கிடைக்கும் பரவசத்தில் பாதி புது எண்ணெயினுடையது. பிரேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மலேசியாவில் ஈரத்துக்குப் பஞ்சமா என்ன? பிரேக் எண்ணெய்க்கான டாட் 4 தரத்தின்படி புது எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த எண்ணெய்க்கோ 155 பாகை இருந்தாலே போதும். கொதித்த எண்ணெயில் உண்டாகும் ஆவி அழுத்தினால் சுருங்கிவிடும், பெடல் தரையைத் தொடும். அந்த நேரத்தில் லைன் ரப்பரா எவர்சில்வரா என்பது ஒரு பொருட்டே இல்லை.

இனி பிராக்கெட். டொயோட்டாவின் ரப்பர் லைனில் நடுவிலிருக்கும் பிராக்கெட் குழாயோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கும். அது நகராது, சுழலாது, தப்பாக மாட்ட நினைத்தாலும் மாட்ட முடியாது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் முழுதாகத் திருப்பினாலும், சக்கரம் தூக்கிய நிலையில் தொங்கினாலும், லைன் எதிலும் உரசாதபடி யாரோ ஒரு பொறியாளர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நான் வாங்கிய செட்டிலோ, ஒரு ரப்பர் உறையைச் சுற்றி வளைத்த தகடு ஒன்று; நாள்பட அது லைனின் மேல் வழுக்குகிறது, சுழல்கிறது, தனக்குப் பிடித்த இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பட்டறையில் பொறுமையாக அளந்து வைத்து முடுக்கிய பிறகும் இதே கதைதான். அதன் விளைவாக, ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போதெல்லாம் லைன் சக்கரக்கூட்டின் உட்பக்கத்தில் உரசி, மேலுறை தேய்ந்து, உள்ளிருந்த பின்னல் வெளியே வந்துவிட்டது. வெளியே வந்த பின்னல் அரம் மாதிரி. உரசும் பொருளையும் அறுக்கும், தன் இழைகளையும் அறுத்துக்கொள்ளும். நான் கழற்றிப் பார்த்தபோது இரண்டொரு இழைகள் அறுந்து முள்ளாக நின்றன. விற்றவரிடம் படம் எடுத்து அனுப்பினால், ‘அதெல்லாம் சாதாரணம்’ என்று பதில் வருகிறது. பிரேக் லைனில் இழை அறுவது எந்த ஊரில் சாதாரணம்?

எரிச்சலுக்குக் காரணம் தகட்டின் விலை அன்று. பழைய ரப்பர் லைன் பெரும்பாலும் வெடிப்பு விட்டு, வீங்கி, முன்கூட்டியே எச்சரிக்கும். பின்னல் லைனில் எண்ணெயைத் தாங்கும் டெஃப்லான் குழாய் கண்ணுக்குத் தெரியாது. பின்னலுக்குள் புகுந்த மணல் அதை உள்ளிருந்தே தேய்த்தாலும், முனையருகே அது மடிந்து மடிந்து தளர்ந்தாலும், வெளியே அடையாளம் இருக்காது. இப்படிப்பட்ட பொருளில், உரசாமல் பாதுகாக்கும் ஒரே உறுப்பை அலட்சியமாகச் செய்திருக்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

இப்போது அதே செட்டின் விலை இறங்கியிருக்கிறது. இதே கார் வைத்திருக்கும் இளைய நண்பர் ஒருவர் ‘வாங்கலாமா அண்ணே’ என்று கேட்டார், வேண்டாம் என்றேன். அந்தப் பணத்தில் முதலில் ஓடுதளத்துக்கு ஏற்ற பேடும் நல்ல எண்ணெயும் வாங்கட்டும்; லைன்கள் பழையவையானால் டொயோட்டாவின் ரப்பர் லைனையே புதிதாக மாட்டட்டும், பெடல் கணிசமாக இறுகும். அப்படியும் பின்னல் லைன்தான் வேண்டுமென்றால், பிராக்கெட் லைனோடு இறுக்கப்பட்டு வரும் செட்டாகப் பார்த்து, விலை கூடினாலும் அதை வாங்கட்டும்.

நான் சென்ற வாரம் மாட்டியது என்னவோ அதே நிறுவனத்தின் லைன்தான். ஒன்றுக்காக நான்கையும் கழற்ற மனமில்லை, அந்தப் பெடலை விட்டுக்கொடுக்க அதைவிட மனமில்லை. அவர்கள் தந்த தகட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, ரப்பர் பட்டை வைத்த கிளாம்ப் ஒன்றைப் பட்டறையில் பொருத்தச் சொன்னேன். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் முன்சக்கரங்களைக் கழற்றி, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுதாகத் திருப்பி, லைன் முழுவதையும் விரலால் தடவிப் பார்க்கிறேன். அந்த வேலைக்குச் சோம்பல்படுகிறவர்கள் ரப்பர் லைனிலேயே இருந்துவிடலாம்.