பி.எல்.டி.சி. ஃபேன்: கரண்ட் மிச்சம் சரி, போர்டு போனால்?

சீலிங் ஃபேன் வாங்கப் போனால் கடைக்காரர் இப்போது முதலில் எடுத்து வைப்பது பி.எல்.டி.சி. ஃபேனைத்தான்; அதாவது பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரை ஓர் எலக்ட்ரானிக் போர்டு ஓட்டும் ஃபேன். 2023 ஜனவரியில் சீலிங் ஃபேனுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் கட்டாயமானதும் இந்த வகையின் வரத்து கூடிவிட்டது. சுற்றுச்சூழலுக்கு உகந்த வடிவமைப்பு என்று பெட்டியிலேயே அச்சடிக்கிறார்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ரிப்பேர் என்று வந்தால் மாடலுக்கு மாடல் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

48 அங்குல சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. இழுப்பது 28 முதல் 35. நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் அறையில் 75 வாட் ஃபேனைக் கழற்றி 30 வாட் ஃபேன் மாட்டினால், இரண்டு மாத பில்லில் சுமார் 40 யூனிட் குறையும். மூன்று ஃபேனுக்கு 120. தமிழ்நாட்டில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு இது பெரிய விஷயம். அந்த எல்லையைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ்ப்படியில் இருக்கும் யூனிட்டுக்கும் விலை ஏறிவிடும். இப்படி ஓடும் அறையில், ஃபேன் விலையில் ஆயிரத்து இருநூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் ஒன்று, ஒன்றரை வருடத்தில் திரும்பி வந்துவிடும்.

வாட்டை மட்டும் பார்த்து வாங்கிவிடக்கூடாது. நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தருகிறது என்பதை வாட்டால் வகுத்தால் வருவது சர்வீஸ் வேல்யூ. 28 வாட்டில் 220 கன மீட்டர் தந்தால் 7.8, அது நல்ல ஃபேன். காற்றைக் குறைத்து வாட்டைக் குறைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

யு.பி.எஸ்.ஸில் ஓடும்போது சாதாரண ஃபேன் போடும் இரைச்சல் இதில் வராது. வரும் மின்சாரத்தை முதலில் டி.சி.யாக மாற்றிக்கொள்வதால் அலை எந்த வடிவத்தில் வந்தாலும் மோட்டாருக்குத் தெரியாது. வோல்டேஜ் குறைந்தாலும் நல்ல மாடல்களில் வேகம் அப்படியே நிற்கும்.

இனி போர்டு. சாதாரண ஃபேனில் கெட்டுப்போக மூன்றே பொருள்கள்: கண்டன்சர், பேரிங், காயில். மூன்றும் தெருமுனைக் கடையில் தீர்ந்துவிடும்; காயில் எரிந்தால் கட்டிக்கொள்ளலாம். அதனால்தான் இருபது வருடத்து ஃபேன்கள் இன்னும் ஓடுகின்றன. பி.எல்.டி.சி.யில் பேரிங் அதேதான், பல மாடல்களில் 6202, 6201. காயிலில் சூடு குறைவு என்பதால் அது எரிவது அபூர்வம். உயிர் இருப்பது போர்டில்.

போர்டு போவதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். நியூட்ரல் அறுந்து 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வரை ஏறினால் திடீர் வோல்டேஜ் ஏற்றத்தை வாங்கிக்கொள்ளும் எம்.ஓ.வி. என்ற பாகம் வெடிக்கும், பின்னாலேயே மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகும். போர்டை மோட்டாருக்குள்ளேயே வைத்த மாடல்களில் சூட்டில் கெப்பாசிட்டர் மெல்ல வற்றும். சுவரில் இருக்கும் பழைய ரெகுலேட்டரை எடுக்காமல் அப்படியே அதன் வழியாக இணைப்பதும் போர்டுக்குக் கேடு. ரெகுலேட்டரைக் கழற்றி, லைனை நேராகக் கொடுக்க வேண்டும்.

ஃபேன் சுற்றாமல் முன்னும் பின்னுமாகத் துடித்தால் போர்டிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸில் ஒன்று வரவில்லை என்று அர்த்தம். மெயினை அணைத்து ஐந்து நிமிடம் விட்டு, மோட்டாரிலிருந்து போர்டுக்கு வரும் மூன்று ஒயர்களின் கனெக்டரைப் பிடுங்கி, இரண்டிரண்டாக மல்டிமீட்டரில் ஓம்ஸ் (மின்தடை) பாருங்கள். மூன்று அளவும் ஒன்றாக இருந்தால் காயில் நலம். கனெக்டரின் பின் லூசாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு போர்டை மாற்றலாம். ஓர் அளவு தனித்து நின்றால் காயிலில் பழுது.

இந்தச் சோதனையைச் செய்யவே முடியாதபடி சில ஃபேன்கள் வருகின்றன. போர்டின் மேல் முழுக்கப் பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். ஈரமும் பூச்சியும் உள்ளே போகாது என்பது அதன் நியாயம், அது சரியும்கூட. ஆனால் இருபது ரூபாய் கெப்பாசிட்டர் போனாலும் போர்டையே தூக்கிப் போட வேண்டும். ஒயர்களையும் சால்டர் செய்துவிட்டால் ஏணியில் நின்றபடி மாற்றவும் முடியாது. பிசின் ஊற்றினால் போர்டைத் தனியாக விற்க வேண்டும். விற்காத கம்பெனி வாட்டைக் குறைத்துக் குப்பையைக் கூட்டுகிறது.

ஆகவே கடையில் இவற்றைக் கேளுங்கள். போர்டு மேலே கப்புக்குள் இருக்கிறதா, மோட்டாருக்குள்ளா? கப்பில் இருப்பது நல்லது. இறக்கையைக் கழற்றாமலே எட்டும். இணைப்பு கனெக்டரா, சால்டரா? வாரண்டி முடிந்தபின் போர்டு தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? ஃபேன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சொன்னால் வேறு மாடல் பாருங்கள். ரிமோட் தொலைந்தால் சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டு வேகம் மாற்ற வழி இருக்கிறதா? மாட்டும்போது போர்டில் ஒட்டிய பாகத்தின் எண்ணை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்பேர் தேடும்போது மாடல் பெயரைவிட அதுதான் உதவும்.

வீட்டில் எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. படுக்கையறையும் ஹாலும் முதலில். நாளைக்கு இரண்டு மணி நேரம் மட்டும் ஓடும் அறையில் இரண்டு மாதத்துக்கு ஐந்து யூனிட்தான் மிஞ்சும். அங்கே பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றினால், அதில் எழுதியிருக்கும் அளவிலேயே, பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், ஒரு புதுக் கண்டன்சர் போட்டால் போதும்.