28 அறை மாத்திரைப் பெட்டி: சர்க்கரையும் மறதியும் சேர்ந்த வீட்டுக்கு உதவுமா?

வாரத்தின் ஏழு நாள்களுக்கும் நாளுக்கு நான்கு வேளையாக 28 அறைகள் கொண்ட பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி, மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் பல பெயர்களில் விற்கப்படுகிறது. நெடுங்காலமாகச் சர்க்கரை நோயுடன் வாழ்ந்து, அண்மையில் மறதியும் கூடிவிட்ட என் அம்மாவுக்காக அதை வாங்கினேன்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு முதுமையில் டிமென்சியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறையும் மறதி நோய்) வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட, டிமென்சியாவுக்கான மாற்றியமைக்கக்கூடிய 14 காரணிகளிலும் நீரிழிவு இடம்பெற்றுள்ளது. மருந்து, பணம், சமையல் என்று பல படிகள் கொண்ட வேலைகளில்தான் மறதியின் தடுமாற்றம் பெரும்பாலும் முதலில் தலைகாட்டும். அம்மாவுக்குக் கோயில் வழியும் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாளும் நன்றாக நினைவிருக்கின்றன, ஆனால் இட்லி சாப்பிட்டுக் கை கழுவி வந்ததும், “நான் மாத்திரை போட்டேனா?” என்று கேட்கத் தொடங்கினார். ஒரு வேளை விட்டுப்போனால் சர்க்கரை ஏறும். கிளிமிபிரைடு போன்ற, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையை மறதியால் இரண்டு முறை போட்டுவிட்டாலோ, இரத்தச் சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இறங்கி, வியர்வை, நடுக்கம், குழப்பம் என்று தொடங்கி மயக்கத்தில் முடியலாம். அந்தக் குழப்பத்தையும் வீட்டார் வழக்கமான மறதி என்றே எண்ணி விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய அச்சம்.

அம்மாவின் கேள்விக்கு இந்தப் பெட்டி உடனே விடை தருகிறது: அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று. இந்த ஒரு பயனுக்காகவே இதை வாங்கலாம்.

குறைகளும் உண்டு. காலை, மதியம், மாலை, இரவு என்று அறைகளைப் பிரித்தவர்கள் சர்க்கரை நோயாளியை நினைத்துப் பார்க்கவில்லை. எங்கள் மருந்துச் சீட்டில் ஒரு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பும் மெட்ஃபார்மின் சாப்பாட்டுக்குப் பின்பும் இருக்க, பெட்டியில் இரண்டும் காலை அறையிலேயே விழுகின்றன. அம்மாவுக்கு மதிய மருந்து இல்லாததால், நான்கு அறைகளையும் காலை முன், காலை பின், இரவு முன், இரவு பின் என்று தமிழில் எழுதி ஒட்டிய பிறகே பெட்டி சரியாகப் பயன்பட்டது. கிழமைகளும் ஆங்கில முதலெழுத்தில் மட்டுமே உள்ளன; செவ்வாய்க்கும் வியாழனுக்கும் ஒரே எழுத்து என்பதால் நாள் குழம்பும் ஒருவருக்கு அது மேலும் குழப்பமே. மூடி இறுக்கமானது, சர்க்கரையால் விரல் நுனி மரத்துப்போனவர்கள் நகத்தால் நெம்பித் திறக்கும்போது மாத்திரை தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. அட்டையிலிருந்து பிரித்து வைக்கக் கூடாத மாத்திரைகளும் இருப்பதால், நிரப்புமுன் மருந்தாளுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சுலின் போடுபவர்களுக்கு, ஊசி போட்டாயிற்றா என்பதை இந்தப் பெட்டி காட்டாது.

பெட்டியை வாரந்தோறும் நிரப்புவது வீட்டில் இன்னொருவரின் வேலை. மாத்திரை மிஞ்சிய அறைகளை எண்ணிப் பார்த்தால் எந்த வேளை தவறுகிறது என்பதும் தெரியும். அதை மருத்துவரிடம் சொல்வது மிகவும் முக்கியம். மறதி உள்ள முதியவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவை (HbA1c) மிகவும் கீழே கொண்டுவர வேண்டியதில்லை, 8 சதவீதத்துக்குள் இருந்தாலே போதும் என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் பரிந்துரை. ஆகவே மருந்தின் அளவையோ வேளைகளையோ குறைக்க முடியுமா என்று கேட்பதில் தவறில்லை. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அந்தக் குறைவும் மறதியைக் கூட்டலாம் என்பதால் அந்த இரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள்.

கிழமை தெரிந்து, தாமே மருந்து எடுக்கக்கூடிய நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பெட்டியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒரே நாளில் இரண்டு நாள் அறைகளைத் திறந்துவிடுகிறவர்கள் என்றால், பெட்டியை அவர்கள் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, வேளைக்கு வேளை யாராவது கையில் கொடுப்பதே பாதுகாப்பு. வாங்கும்போது அவரையே கடைக்கு அழைத்துப் போய், மூடியைத் திறந்து மூடச் சொல்லிப் பாருங்கள்.