சென்னை–பலாலி நேரடி விமானம்: 355 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோடு போட்டால் சுமார் 355 கிலோமீட்டர். மதுரைகூட இதைவிடத் தூரம். ஆனால் இந்த விமானம் இல்லாத காலத்தில் ஊருக்குப் போக எங்களுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். முதலில் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்க விமான நிலையத்தில் போய் இறங்க வேண்டும். அதாவது யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே போய், அப்புறம் அனுராதபுரம், வவுனியா என்று ஏழெட்டு மணி நேரம் வேனில் உட்கார்ந்து வடக்கே திரும்பி வர வேண்டும். முழங்கால் வலியோடு அம்மா அப்படி வந்து இறங்கும்போது கால் வீங்கியிருக்கும்.

1947 டிசம்பரில் இலங்கையின் அன்றைய விமான நிறுவனமான ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்புப் பக்கத்து இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (இந்தப் பலாலிதான்) வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. அப்படிப்பட்ட பாதை 2019 நவம்பரில் மறுபடி திறந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் திரும்பவும் வந்தது. இந்த விமானம் நிற்கவே கூடாது என்று மனதார நினைக்கிறேன்.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். தூரத்தை வைத்து நேரம் சொல்லும் செயலிகள் ஜெட் வேகத்தில் கணக்குப் போட்டு அரை மணி நேரம் என்று காட்டும். அதை நம்பாதீர்கள். பலாலி ஓடுபாதை குட்டை, அதனால் இங்கே வருவது இறக்கையில் விசிறி சுற்றும் ஏடிஆர் என்ற சின்ன விமானம். அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவுதான். அட்டவணையில் ஒன்றேகால் மணி நேரம் போடுகிறார்கள். வெளிநாட்டுப் பயணம் என்பதால் சென்னையில் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விட வேண்டும். அப்படியும் வளசரவாக்கம் வீட்டிலிருந்து சுன்னாகம் வீட்டு வாசல் வரைக்கும் ஆறு, ஆறரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம், கடிகாரத்தைத் தொட வேண்டாம்.

வயதானவர்களுக்கு இந்தச் சின்ன விமானம்தான் வசதி. பின்பக்கக் கதவே படியாக இறங்கும், ஏறுவதற்கு நாலைந்து படிதான். அம்மா ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு தானாகவே ஏறிவிட்டார். இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் கீழே பார்ப்பதை மறைக்காது. போகும்போது வலப்பக்க இருக்கை கேளுங்கள், வானம் தெளிவாக இருந்தால் தமிழ்நாட்டுக் கரை தெரியும். இறங்கும் நேரத்தில் பனந்தோப்பும் செம்மண் தோட்டமும் சன்னலுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அம்மா அதுவரை பேசிக்கொண்டே வந்தவர், அங்கே பேச்சை நிறுத்திவிட்டார்.

என்ஜின் சத்தம் அதிகம், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்கு எவ்வளவு எடை என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர், திருச்சிப் பக்கம் இருப்பவர்கள் சென்னைக்கு வர வேண்டியதில்லை. 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் விட்டார்கள். நேர்கோட்டில் 185 கிலோமீட்டர்கூட வராது. கிளம்பும் முன் அட்டவணையை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.