நாடாளுமன்றம் தேர்ந்த அதிபரா, மக்கள் தேர்ந்த அதிபரா?

சிங்கப்பூரில் 1991 வரை இருந்த சட்டப்படி நம் அதிபரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தது. பிரசாரம் இல்லை, சண்டை இல்லை. ஆனால் அமைச்சரவையைத் தடுத்து நிறுத்த அவரிடம் பெரிதாக எதுவும் இல்லை.

இப்போதைய முறையில், முந்தைய அரசாங்கங்கள் சேர்த்த நிதியிருப்பைத் திறக்க இரண்டு சாவி வேண்டும்: ஒன்று அரசாங்கத்திடம், இன்னொன்று மக்கள் தேர்ந்த அதிபரிடம். 2009 பொருளாதார நெருக்கடியில் அதிலிருந்து 4.9 பில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எடுக்க அப்போதைய அதிபர் எஸ்.ஆர். நாதனின் ஒப்புதல் தேவைப்பட்டது.

ஓட்டை இல்லாமல் இல்லை. அதிபருக்கு ஆலோசனை சொல்லும் குழுவான அதிபர் ஆலோசகர் மன்றம் துணை நிற்காவிட்டால், மூன்றில் இரண்டு பங்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அவர் மறுப்பை மீறலாம். எனக்கு இது உறுத்தல்தான்.

சரி, இருந்தாலும் என் தேர்வு இரண்டாவதுதான். 2023 அதிபர் தேர்தலில் காலையிலேயே வரிசையில் நின்று வாக்குச்சீட்டில் முத்திரை குத்தினேன். அம்மாவும் நடைக்கோலோடு வந்திருந்தார்.