பத்மு தீவுக்குச் செல்வோர் கவனத்திற்கு: 280 யூரோவும் போனது, மடாலயத்தையும் பார்க்கவில்லை

கிரேக்க நாட்டின் பத்மு தீவுக்கு வழிகாட்டியையும் வண்டியையும் சேர்த்து இணையத்தில் முன்பதிவு செய்யப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சுற்றுலா முன்பதிவுத் தளம் ஒன்று எங்களிடமிருந்து 280 யூரோ வாங்கிக்கொண்டு நேற்று முன்தினம் எங்களை நடுவழியில் விட்டது. இதை எழுதும் வரை ஒரு யூரோகூடத் திரும்பி வரவில்லை.

பத்முவில் விமான நிலையம் கிடையாது. கோஸ் தீவிலிருந்து காலையில் கப்பலேறி மாலையில் திரும்புகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது சில மணி நேரம்தான். ஸ்காலா துறைமுகத்திலிருந்து மலையேறும் வழியில், இயேசுவின் சீடர் யோவான், பைபிளின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தைப் பெற்றதாக நம்பப்படும் குகை இருக்கிறது. அதற்கும் மேலே, 1088-இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் தீவையே எழுதிக் கொடுக்க, கிறிஸ்தோதுலோஸ் என்ற துறவி நிறுவிய மடாலயம் கோட்டையைப் போல நிற்கிறது. அதன் மதிலைச் சுற்றி வளர்ந்த பழைய ஊர்தான் கோரா. மூன்றும் சேர்ந்து 1999 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம். அந்தக் குகையில் அமர்ந்து ஜெபிக்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை.

அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால், பணம் கட்டுவதற்கு முன்பே அதைக் குறிப்பிட்டு அத்தளத்தின் வழியாக வழிகாட்டிக்கு எழுதிக் கேட்டேன். சற்று நேரத்தில் பதில் வந்தது: ‘மடாலய வாசல் வரை வண்டி வரும், படிகளில் உங்கள் தாயாரை நானே கைப்பிடித்து அழைத்துச் செல்கிறேன், வரிசையில் நிற்காமல் நுழையும் சீட்டும் இதில் அடக்கம்.’ ஒரு தாயைப் பற்றி இவ்வளவு பரிவோடு எழுதியவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? அன்றிரவே 280 யூரோ கட்டினோம்.

துறைமுகத்தில் எவரும் இல்லை. நெடுநேரம் கழித்து வந்த டாக்சி ஓட்டுநர், ஏற்றி இறக்க மட்டுமே தனக்குச் சொல்லியிருப்பதாகவும் வழிகாட்டியைப் பற்றித் தெரியாது என்றும் கூறி, குகையில் நிறுத்தாமலே கோராவின் விளிம்பில் எங்களை இறக்கிவிட்டார். அங்கிருந்து மேலே கல் பாவிய குறுகிய சந்துகள்தாம். எந்த வண்டியும் மடாலய வாசலுக்குப் போக வழியே இல்லை. வெள்ளைச் சுவர்களைப் பிடித்துப் பிடித்து, கண்ட திண்ணையிலெல்லாம் உட்கார்ந்து எழுந்து அம்மா ஏறி முடித்தபோது, மடாலயக் கதவு நண்பகலுக்குச் சாத்தப்பட்டிருந்தது. அன்று மாலையில் திறக்கும் நாளும் அல்ல. அருங்காட்சியகத்துக்கு மட்டும்தான் சிறு கட்டணம், அதையும் உள்ளேயே வாங்கிக்கொள்கிறார்கள் என்று அருகிலிருந்த கடைக்காரர் சொன்னபோது, அந்த ‘வரிசைச் சீட்டு’ எதற்கு என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. இறங்கும் வழியில் குகையும் மூடியிருந்தது.

தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். ஓட்டுநர் வந்து ஏற்றிக்கொண்டதால் ‘சேவை நிறைவுற்றது’ என்றார்கள். வாசல் வரை வண்டி என்று எழுத்தில் தந்த வாக்குறுதியைப் படம் பிடித்து அனுப்பினால், அது உள்ளூர் நிறுவனத்தின் பொறுப்பு என்றார்கள். அந்த நிறுவனமோ தளத்தையே கேட்கச் சொல்கிறது. கடைசியில் அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றை அனுப்பிவிட்டுப் புகாரை முடித்துவைத்தார்கள். 280 யூரோவுக்குக் கூப்பன்!

போகிறவர்களுக்கு அவசரமாகச் சில சொற்கள். ஸ்காலாவிலிருந்து கோராவுக்குப் பேருந்து ஓடுகிறது, அதுவே போதும். மடாலயமும் குகையும் எந்தெந்த நாளில் எத்தனை மணி வரை என்பதைத் துறைமுகத்திலேயே கேட்டுக்கொண்டு, காலையிலேயே முதலில் மேலே ஏறுங்கள். குகைக்குள்ளும் படிகள் இறங்க வேண்டும். முதியவர்களை அழைத்துச் செல்வோர் அதை மனத்தில் வையுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொன்னால் கட்டாதீர்கள்.

வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த 280 யூரோ திரும்பினால் இங்கேயே தெரிவிக்கிறேன்.